வெள்ளையடித்த சுவரும் விரைந்து உலரும் வர்ணமும்

சித்திரம் பழக விரும்பும் ஒருவர் இன்று கொழும்பிலோ சென்னையிலோ ரொறன்ரோவிலோ உள்ள கடையொன்றுக்குச் சென்று ஆலோசனை கேட்டால், பெரும்பாலும் அவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது அக்றிலிக் வர்ணப் பெட்டிதான். தண்ணீரில் கரைக்கலாம், விரைவில் உலர்ந்துவிடும், எண்ணெய் வர்ணத்தைப் போல மணக்காது, விலையும் ஓரளவு கைக்கு எட்டும். வகுப்பில் சேர்ந்த முதல் நாளே ஆசிரியர் சில கட்டளைகளை இடுவார். தூரிகையை உலரவிடாதே. வர்ணத்தைச் சிறிது சிறிதாகப் பிதுக்கியெடு. ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதே. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் கலக்காதே. எண்ணெய் வர்ணத்தின் மேல் இதனைப் பூசாதே.

மாணவரும் இவற்றை மனனஞ் செய்து கொள்வார். ஏன் என்று கேட்பவர் சிலரே. கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய ஆசிரியர்கள் அதனிலும் சிலரே.

இக்கட்டளைகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு ஓவியக் கூடத்தில் தொடங்கவில்லை. தோல் பதனிடும் தொழிலோடு உறவுகொண்ட ஒரு ஜேர்மன் கம்பனியிலும், மோட்டார் வாகனங்களுக்கு மெருகு பூசும் பட்டறைகளிலும், அதிகாரத்தில் உள்ளவர்கள் வெள்ளையடித்து மறைத்த ஒரு பொதுச் சுவரிலும் அது தொடங்குகிறது. இன்று பொழுதுபோக்குக்கான வர்ணமாக நாம் கருதும் அக்றிலிக், மழையிலும் வெயிலிலும் நின்று பேசக்கூடிய ஒரு சுவர் வேண்டும் என்று தவித்தவர்களின் தேவையிலிருந்து உருவானது. அந்தக் கதையை அறிந்தவர்க்கு மேற்சொன்ன கட்டளைகளை மனனஞ் செய்ய வேண்டிய அவசியமே ஏற்படாது.

ஆய்வுகூடத்திலிருந்து ஆகாய விமானத்துக்கு

1901ஆம் ஆண்டு ஜேர்மனியின் ரூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒட்டோ றோம் என்ற இளைஞர் தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அக்றிலிக் அமிலத்திலிருந்து பெறப்படும் பல்பகுதியங்கள் பற்றியது அந்த ஆய்வு. சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோர்த்து ஒளிபுகும் இறப்பர் போன்ற ஒரு பொருளாக மாறுவதை அவர் கண்டார். ஆனால், அதனை வைத்து என்ன செய்வது என்பது அன்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

1907இல் அவர் தமது நண்பர் ஒட்டோ ஹாஸுடன் சேர்ந்து ஆரம்பித்த கம்பனி பிழைத்தது வேறொரு சரக்கால். அக்காலத்தில் தோல் பதனிடுவோர் தோலை மிருதுவாக்குவதற்கு நாயின் மலத்தைப் பயன்படுத்தி வந்தனர். அதற்குப் பதிலாக நொதியங்களைக் கொண்ட ஒரு சேர்மானத்தை றோம் உருவாக்கினார். அதன் வருமானத்தில்தான் அவரது பழைய ஆராய்ச்சி மீண்டும் உயிர்பெற்றது. 1933இல் 'பிளெக்சிகிளாஸ்' என்ற பெயரில் உடையாத கண்ணாடி சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் விமானியறைகளை மூடிய ஒளிபுகும் கவசம் இந்த அக்றிலிக் இனத்தைச் சேர்ந்ததே. ஹாஸ் ஏற்கெனவே அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்று அங்கு ஒரு கிளையை வளர்த்திருந்தார். அந்தப் பிலடெல்பியாக் கம்பனி 1953இல் வீட்டுச் சுவர்ப்பூச்சுக்கென அக்றிலிக் பால்மம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று நாம் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் அக்றிலிக் 'எமல்ஷன்' இதன் வழிவந்தது. ஓவியரின் ரியூப்பில் இருப்பதும் அதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளை.

சுவருக்கு ஒரு வர்ணம்

இரசாயனம் ஒருபுறம் தன் வழியில் சென்று கொண்டிருக்க, மறுபுறம் மெக்சிக்கோவில் ஓவியர்கள் வேறொரு சிக்கலோடு போராடிக் கொண்டிருந்தனர். 1910இல் தொடங்கிய மெக்சிக்கோப் புரட்சி ஓய்ந்த பின்னர், எழுத்தறிவற்ற மக்களுக்கு அவர்களுடைய வரலாற்றைச் சுவர்களில் எழுதிக்காட்டும் பெருமுயற்சியொன்றை 1920களில் அந்நாட்டின் கல்வியமைச்சு ஆரம்பித்தது. டியேகோ ரிவேரா, ஹொசே கிளெமென்ரே ஒரொஸ்கோ, டேவிட் அல்பாரோ சிக்கேரோஸ் ஆகிய மூவரும் அந்த இயக்கத்தின் முதன்மையானவர்கள்.

அவர்களுக்குக் கிடைத்த நுட்பம் பழைய இத்தாலிய முறை. ஈரச் சுண்ணச் சாந்தின் மேல் நிறத்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவது. சாந்து காய்வதற்குள் அன்றைய பகுதியை முடித்துவிட வேண்டும். பிழைத்தால் கொத்தியெடுத்துவிட்டு மீண்டும் சாந்து பூச வேண்டும். மண்டபத்தின் உட்சுவருக்கு இது பொருந்தும். வீதியோரத்துச் சிமெந்துச் சுவருக்கு, வாகனப் புகைக்கும் மழைக்கும் வெயிலுக்கும், இது தாங்காது. எண்ணெய் வர்ணமோ நாட்கணக்கில் உலராது. உலர்ந்த பின்னரும் மஞ்சளாகி வெடிக்கும். புதிய காலத்தின் சுவருக்குப் பழைய காலத்தின் வர்ணம் உதவாது என்று விடாப்பிடியாக வாதிட்டவர் சிக்கேரோஸ்.

1932இல் அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தங்கியிருந்தபோது ஒல்வேரா வீதியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி வெளிச்சுவரைச் சித்திரம் தீட்டும்படி கேட்டுக் கொள்ளப்பட்டார். 18 அடி உயரமும் 80 அடி நீளமும் கொண்ட சுவர் அது. கேட்டவர்கள் எதிர்பார்த்தது பழமரங்களும் கிளிகளும் நிறைந்த இன்பமயமான வெப்பமண்டலக் காட்சி. சிக்கேரோஸ் ஓவியர் குழுவொன்றைச் சேர்த்துக் கொண்டு சிமெந்தும் விசிறு துப்பாக்கியும் கொண்டு வேலை செய்தார். 1932 ஒக்ரோபர் 9ஆந் திகதி திரை விலக்கப்பட்டபோது சுவரின் நடுவே காணப்பட்டது சிலுவையில் அறையப்பட்ட ஒரு செவ்விந்தியத் தொழிலாளி. அவன் தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகு.

சில மாதங்களுக்குள் வீதியிலிருந்து தெரியும் பகுதி வெள்ளையடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் சுவர் முழுவதும் மறைக்கப்பட்டது. சிக்கேரோஸின் விசா புதுப்பிக்கப்படவில்லை. அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 'வெப்பமண்டல அமெரிக்கா' என்ற அச்சித்திரத்தின் மேலிருந்த வெள்ளை 1960களின் பிற்பகுதியில் தானாகவே உரிந்து உதிரத் தொடங்கியது. கெற்றி பாதுகாப்பு நிறுவனமும் மாநகர நிர்வாகமும் நீண்ட காலம் உழைத்து, திரை விலக்கப்பட்டு எண்பது ஆண்டுகள் நிறைவெய்திய 2012 ஒக்ரோபர் 9ஆந் திகதி, அதனை மீண்டும் மக்கள் பார்வைக்குத் திறந்தன. ஆனால் நிறங்கள் பெரிதும் மங்கிவிட்டன. மீளத் தீட்டாமல் எஞ்சியதை அப்படியே காப்பது என்று பாதுகாவலர்கள் முடிவு செய்தனர். இன்று அங்கு செல்வோர் காண்பது ஒரு சித்திரத்தின் நிழலைத்தான்.

அச்சுவர் இரண்டு பாடங்களைச் சொல்கிறது. ஒன்று, அரசியல். அது நமக்குப் புதிதன்று. மற்றது, வெயிலுக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்கும் வர்ணம் அன்று ஓவியர்களிடம் இல்லை என்பது. சிக்கேரோஸின் அடுத்த ஆண்டுகள் இந்த இரண்டாவது பாடத்தைத் துரத்துவதிலேயே கழிந்தன.

மோட்டார் வாகன மெருகு

1936இல் அவர் நியூயோர்க்கில் ஒரு பரிசோதனைப் பட்டறையை நடத்தினார். மோட்டார் வாகனங்களுக்குப் பூசப்பட்ட 'டியூக்கோ' என்னும் நைற்றோசெலுலோஸ் மெருகை அங்கு ஊற்றினார்கள், சிந்தினார்கள், விசிறினார்கள், மணல் கலந்து அப்பினார்கள். அந்தப் பட்டறையில் வேலை செய்த இளைஞர்களுள் ஒருவர் அப்போது 24 வயதான ஜக்சன் பொலொக். பின்னாளில் தரையில் துணியை விரித்து வர்ணத்தைச் சிந்தி அவர் படைத்த பேரோவியங்களுக்கு அந்தப் பட்டறை அனுபவம் ஒரு வித்து என்பதைக் கலை வரலாற்றாசிரியர்கள் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். டியூக்கோவின் மீது சிக்கேரோஸுக்கு இருந்த பித்தினால் அவருக்கு 'எல் டியூக்கோ' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக் கொண்டது.

சிக்கேரோஸ் ஒரு மகான் அல்லர். 1940 மே மாதம் மெக்சிக்கோவில் அடைக்கலம் புகுந்திருந்த ட்ரொட்ஸ்கியின் வீட்டின் மீது நடத்தப்பட்ட துப்பாக்கித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர்களுள் அவர் ஒருவர். மக்களின் சுவருக்காகப் போராடிய அதே கை, கருத்து மாறுபட்ட ஒருவரின் படுக்கையறையை நோக்கியும் நீண்டது. வர்ணத்தின் வரலாற்றை எழுதும்போது இதனை மறைத்துவிட்டுச் செல்வதும் ஒருவகை வெள்ளையடிப்புத்தான்.

நிற்க. நியூயோர்க் பட்டறையில் சிக்கேரோஸுடன் இருந்த இன்னொருவர் ஹொசே குற்றியேரஸ் என்ற மெக்சிக்கர். ஓவியம், இரசாயனம் ஆகிய இரண்டிலும் நாட்டம் கொண்ட இவர், மெக்சிக்கோவின் தேசிய தொழில்நுட்ப நிறுவனத்தில் செயற்கைப் பிசின்களை ஓவியத்துக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1950களில் 'பொலிரெக்' என்ற பெயரில் அக்றிலிக் வர்ணம் மெக்சிக்கோவில் வெளிவந்தது இவரது முயற்சியால். உலகம் பெரிதும் நினைவில் வைத்திருப்பது அமெரிக்கக் கம்பனிகளின் பெயர்களை. குற்றியேரஸின் பெயரை அறிந்தவர் சிலரே.

எண்ணெயின் வழியும் தண்ணீரின் வழியும்

அமெரிக்காவில் அக்றிலிக் இரண்டு வழிகளில் ஓவியர்களை வந்தடைந்தது. இந்த இரண்டையும் பிரித்தறியாதவர்களால்தான் "முதல் அக்றிலிக் எது?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லப்படுகிறது.

முதலாவது வழி ரேர்பன்ரைன் வழி. நியூயோர்க்கில் கையால் வர்ணம் அரைத்து விற்ற லியொனார்ட் பொக்கூரும் சாம் கோல்டனும் 1940களின் பிற்பகுதியில் 'மக்னா' என்ற வர்ணத்தை வெளியிட்டனர். இது அக்றிலிக் பிசினைக் கரைப்பானில் கரைத்துச் செய்யப்பட்டது. எண்ணெய் வர்ணத்தோடும் கலக்கும். உலர்ந்த பின்னும் ரேர்பன்ரைன் பட்டால் மீண்டும் கரையும். மொறிஸ் லூயிஸ், றோய் லிக்ரென்ஸ்ரைன் போன்றோர் இதனை விரும்பிப் பயன்படுத்தினர்.

இரண்டாவது வழி தண்ணீர் வழி. ஒஹையோ மாநிலத்தின் சின்சினாற்றி நகரில் வர்ணத் தொழிற்சாலை நடத்திய ஹென்றி லெவிசன் 1955இல் 'லிக்விரெக்ஸ்' என்ற வர்ணத்தை அறிமுகஞ் செய்தார். இதில் அக்றிலிக் பிசின் கரைந்திருக்கவில்லை. மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதந்து கொண்டிருந்தது. இன்று நாம் அக்றிலிக் என்று வாங்குவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர் வழி வர்ணத்தையே. பிரித்தானியாவில் 1963இல் ஜோர்ஜ் ரௌனி கம்பனி 'கிறைலா' என்ற பெயரில் இத்தகைய வர்ணத்தை வெளியிட்டது. எனவே அமெரிக்கச் சந்தையில் ஓவியருக்கான முதல் அக்றிலிக் எது என்றால் மக்னா. தண்ணீரில் கலக்கும் முதல் அக்றிலிக் எது என்றால் லிக்விரெக்ஸ். அதே காலத்தில் மெக்சிக்கோவில் பொலிரெக். இவற்றுள் ஒருவரை மாத்திரம் தந்தை என்று அழைப்பது மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதி.

மிதக்கும் துளிகள் என்று மேலே சொன்னோமல்லவா? இதனைப் புரிந்து கொண்டால் வகுப்பறைக் கட்டளைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும். பால் வெண்மையாகத் தெரிவது ஏன்? அதில் மிதக்கும் கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால். அக்றிலிக் பால்மமும் அவ்வாறே வெண்மையாகத் தெரியும். தண்ணீர் ஆவியாகி நீங்கியதும் துளிகள் ஒன்றையொன்று நெருங்கி, நசுங்கி, ஒட்டி, ஒரே தோலாக மாறுகின்றன. வெண்மை மறைந்து அந்தத் தோல் கண்ணாடி போலத் தெளிகிறது. ஆகவேதான் ஈரத்தில் வெளிறித் தெரிந்த நிறம் உலர்ந்ததும் ஆழ்ந்து கறுக்கிறது. கலந்த நிறத்தை ஒரு துண்டுக் கடதாசியில் தடவி, உலரவிட்டுப் பார்த்த பின்னரே படத்தில் வைக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்வது இதனால்தான்.

துளிகள் ஒருமுறை ஒட்டியபின் தண்ணீரால் அவற்றைப் பிரிக்க முடியாது. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. முதற் பூச்சின் மேல் அரை மணித்தியாலத்தில் அடுத்த பூச்சைப் பூசலாம், கீழ்நிறம் கலங்காது. அதே காரணத்தால், தூரிகை மயிர்களுக்கிடையே உலர்ந்த வர்ணம் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் போகாது. வேலை செய்யும்போது தூரிகையை ஈரமாக வைத்திருந்து, முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட வேண்டும். நுனி கீழே அழுந்தும்படி நாள் முழுதும் தண்ணீர்க் குவளையில் நிறுத்தி வைத்தால் தூரிகை வளைந்துவிடும். படுக்க வைத்து நனைப்பதே நன்று.

துணியும் தடாகமும்

1952இல் ஹெலன் பிராங்கென்தேலர் என்ற 23 வயது ஓவியர், ரேர்பன்ரைனில் நீர்த்த எண்ணெய் வர்ணத்தை அடிப்பூச்சு எதுவுமில்லாத பருத்தித் துணியில் ஊற்றி ஊறவைத்து, 'மலைகளும் கடலும்' என்ற பேரோவியத்தைப் படைத்தார். 1953இல் மொறிஸ் லூயிஸும் கெனெத் நோலண்டும் அவரது கூடத்துக்குச் சென்று அதனைக் கண்டு தம் போக்கையே மாற்றிக் கொண்டனர். ஆனால், அந்த முறையில் ஓர் ஆபத்து இருந்தது. எண்ணெய் துணியில் ஊறி நிறத்தைச் சுற்றி மஞ்சள் வளையமாகப் படரும். காலப்போக்கில் இழைகளையும் நலியச் செய்யும். எண்ணெய் ஓவியர்கள் துணிக்கு முதலில் பசை பூசி வந்தது இதனைத் தடுப்பதற்கே. அக்றிலிக்கில் இந்தப் பயம் இல்லை. 1960களின் ஆரம்பத்தில் பிராங்கென்தேலரும் அக்றிலிக்குக்கு மாறினார். வெறும் துணியில் வர்ணத்தை ஊறவிடும் அழகை இழப்பின்றி அனுபவிக்க அவ்வர்ணம் வழி செய்தது.

1962இல் அன்டி வோர்ஹோல் வரைந்த 32 சூப் தகரங்கள் அக்றிலிக்கினால் ஆனவை. தொழிற்சாலைப் பண்டத்தைத் தொழிற்சாலை வர்ணத்தால் வரைந்தார் என்பதில் ஒரு பொருத்தம் உண்டு. ஆயினும் இவ்வர்ணத்தின் இயல்பை முழுமையாகப் புரிந்து கொண்டவர் யார் என்று கேட்டால், நான் டேவிட் ஹொக்னியையே சொல்வேன்.

1964இல் கலிபோர்னியா சென்ற ஹொக்னி, அங்கே எண்ணெயை விட்டு அக்றிலிக்கைப் பற்றிக் கொண்டார். 1967இல் அவர் வரைந்த 'பெரிய நீர்த்தெறிப்பு' ஏறக்குறைய 242 சதம மீற்றர் சதுரமான படம். ஒரு தடாகம், ஒரு தட்டை வீடு, இரண்டு பனைகள், எவரோ குதித்து மறைந்த இடத்தில் எழும் வெள்ளைத் தண்ணீர். வானம், சுவர், தடாகம் ஆகியவை உருளையால் தட்டையாகப் பூசப்பட்டவை. விளிம்புகள் நேராக அமைவதற்கு ஒட்டுநாடா பயன்படுத்தப்பட்டது. அந்தத் தெறிப்பு மட்டும் சிறு தூரிகைகளால் நுணுக்கமாக வரையப்பட்டது. நிஜத்தில் இரண்டு விநாடி நிகழும் ஒன்றை வரைய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுத்ததாக ஹொக்னி கூறியிருக்கிறார்.

பழகுநருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அக்றிலிக் விரைந்து உலர்வதால் விரைந்து வரைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹொக்னி செய்தது நேர்மாறானது. விரைந்து உலரும் இயல்பைத் தட்டைப் பரப்புகளுக்குப் பயன்படுத்தி, அது உலர்ந்தபின் ஆறுதலாக நுணுக்கத்தைத் தீட்டினார். எண்ணெயில் நிறங்களை ஈரத்தோடு ஈரமாகக் குழைத்து இழைய விடுவது போல இதில் செய்ய முயன்று தோற்று, "எனக்குக் கை வரவில்லை" என்று கைவிடுவோர் பலர். குறை கையில் இல்லை. மெல்லிய பூச்சின் மேல் மெல்லிய பூச்சாக, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதே இவ்வர்ணத்தின் இயல்பான வழி. ஒட்டுநாடா ஒட்டி நேர்கோடு வரைய விரும்புவோர், நாடாவின் விளிம்பில் நிறமற்ற மீடியத்தை முதலில் ஒருமுறை தடவி உலரவிட்டுப் பின்னர் நிறத்தைப் பூசினால் அடியில் கசியாது.

மறுபடியும் ஒரு சுவர்

இந்த வரலாற்றின் இன்னொரு அத்தியாயம் அவுஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் எழுதப்பட்டது. அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகருக்கு வடமேற்கே சுமார் 240 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பப்புன்யா, பூர்வீகக் குடிகளை அவர்களுடைய நிலங்களிலிருந்து பெயர்த்து வந்து ஓரிடத்தில் குடியமர்த்துவதற்கு அரசாங்கம் உருவாக்கிய குடியிருப்பு. பல்வேறு மொழிகளைப் பேசிய மக்கள் அங்கு ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தனர்.

1971இல் ஜெப்ரி பார்டன் என்ற இளம் ஆசிரியர் அங்குள்ள பாடசாலைக்கு வந்தார். அவருடைய ஊக்குவிப்போடு அங்கிருந்த முதியவர்கள் பாடசாலைச் சுவரில் 'தேன் எறும்புக் கனவு' என்ற தம் மூதாதையர் கதையைத் தீட்டினர். அதுவரை மணலிலும் உடலிலும் பாறையிலும் காவிமண் கொண்டு வரையப்பட்ட கோலங்கள் அவை. சடங்கு முடிந்ததும் காற்றில் அழிந்துபோவது அவற்றின் இயல்பு. சுவரைத் தொடர்ந்து கிடைத்த பலகைத் துண்டுகளில் எல்லாம் அவர்கள் வரையத் தொடங்கினர். விரைவிலேயே அக்றிலிக் வர்ணம் அவர்களுடைய ஊடகமாயிற்று. வெயிலில் நிலத்தில் அமர்ந்து, துணியை விரித்து, புள்ளி புள்ளியாக வைக்கும் முறைக்கு, ஒவ்வொரு புள்ளியும் விரைவில் உலரும் வர்ணம் பொருத்தமாக அமைந்தது. 1972இல் அவர்கள் 'பப்புன்யா ரூலா' என்ற தமக்குச் சொந்தமான கம்பனியை நிறுவினர்.

பாடசாலைச் சுவர் என்னவாயிற்று? 1974இல் அதன்மேல் வேறு வர்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததே இங்கும் நடந்தது.

ஆனால் இம்முறை கதை சுவரோடு முடியவில்லை. பலகைகளும் துணிகளும் ஊர்விட்டு ஊர் போயின. அம்மரபில் வந்த கிளிபர்ட் பொசம் ஜபல்ஜறி 1977இல் வரைந்த 'வார்லுகுலோங்' என்ற பேரோவியம், அவர் மறைந்து ஐந்தாண்டுகளின் பின்னர், 2007இல் 24 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு ஏலம் போய் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. முதல் விற்பனையில் கிடைத்த சொற்பத் தொகையைத் தவிர இந்தப் பெருந்தொகையில் ஓவியருக்கோ குடும்பத்துக்கோ பங்கு இல்லை என்ற நியாயமான கேள்வி எழுந்தது. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு வழங்கும் சட்டமொன்று அந்நாட்டில் 2009இல் நிறைவேற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தது. தம் நிலத்தை இழந்த மக்கள், தம் நிலத்தின் வரைபடத்தை அக்றிலிக்கில் எழுதி, அந்நிலத்தின் மீது தமக்குள்ள உரித்தை உலகுக்கு நினைவூட்டினர். இடம்பெயர்வை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பழகுநருக்குச் சில வார்த்தைகள்

இனி, வர்ணப் பெட்டியைத் திறந்து வைத்துக் கொண்டு காத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டிய சிலவற்றைச் சொல்லி முடிக்கலாம்.

யாழ்ப்பாணத்து வைகாசி வெயிலில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து வரைந்தால் வர்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும். ஒரு தட்டையான தட்டில் ஈரத் துணியையோ பஞ்சையோ விரித்து, அதன்மேல் எண்ணெய் பிடிக்காத சமையல் கடதாசியை இட்டு, அதில் வர்ணத்தைப் பிதுக்கி வைத்தால் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். இடையிடையே தண்ணீரை விசிறலாம்.

குளிர்நாட்டில் வாழ்வோருக்குச் சிக்கல் வேறு. துளிகள் ஒட்டித் தோலாவதற்குச் சிறிது வெப்பம் தேவை. ஏறக்குறைய 10 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் பூசினால் வர்ணம் சரியாக ஒட்டாமல் வெடிக்கலாம், உதிரலாம். முற்றாக உலர்ந்த படமும் கடுங்குளிரில் இறுகி நொறுங்கும் தன்மையை அடையும். மாரி காலத்தில் சுருட்டி அனுப்பப்பட்ட படம் கையில் கிடைத்தால், அறையின் வெப்பத்துக்கு அது வரும்வரை காத்திருந்து பின்னர் விரிக்க வேண்டும். வெப்ப நாட்டில் இதற்கு மாறாக மேற்பரப்பு மிருதுவாகிப் பிசுபிசுக்கும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும்.

அதிகம் தண்ணீர் கலந்தால் நிறத்தூளைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் போதாமற் போய்விடும். நிறத்தை மெல்லியதாக்க வேண்டுமென்றால் தண்ணீரோடு அக்றிலிக் மீடியத்தையும் சேர்ப்பது நல்லது. எண்ணெய்ப் படத்தின் மேல் அக்றிலிக் பூசினால் வழவழப்பான பரப்பில் பிடிப்பின்றி நாளடைவில் உரியும். அக்றிலிக்கின் மேல் எண்ணெய் வர்ணம் பூசுவதில் தடையில்லை. கட்மியம் போன்ற சில நிறத்தூள்கள் நஞ்சானவை. தண்ணீரில் கரைவதால் தீங்கற்றது என்று எண்ணி, உலர்ந்த வர்ணத்தை மணற்கடதாசியால் தேய்த்துத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. தூரிகையை வாயில் வைத்துக் கூராக்கவும் கூடாது.

இவ்வர்ணம் எவ்வளவு காலம் நிலைக்கும்? எண்ணெய் ஓவியத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. தண்ணீர் வழி அக்றிலிக்குக்கு எழுபது ஆண்டுகளே. அது எண்ணெயைப் போல மஞ்சளாவதில்லை என்பதும் எளிதில் வெடிப்பதில்லை என்பதும் இதுவரை கண்ட நன்மைகள். ஆனால், பால்மத்தை நிலைப்படுத்தச் சேர்க்கப்படும் சவர்க்காரம் போன்ற பொருட்கள் காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்து படிகின்றன என்பதையும், மிருதுவான அந்தப் பரப்பு தூசியை ஈர்த்துப் பிடிக்கிறது என்பதையும் லண்டன் டேற் கலைக்கூடமும் கெற்றி நிறுவனமும் மேற்கொண்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே முடிந்த படத்துக்குப் பின்னாளில் அகற்றக்கூடிய வார்னிஷ் ஒன்றைப் பூசி வைப்பது வீண் செலவன்று.

சிக்கேரோஸ் தேடிய, அழியாத சுவர் வர்ணம் ஓரளவுக்குக் கிடைத்துவிட்டது. 1971இல் மெக்சிக்கோ நகரில் திறந்து வைக்கப்பட்ட அவரது இறுதிப் பெரும்படைப்பான 'மனிதகுலத்தின் நடை'யில் அக்றிலிக் வர்ணமே பயன்பட்டது. மழையையும் வெயிலையும் தாங்கும் வர்ணத்தை இரசாயனவியலாளர்கள் தந்துவிட்டார்கள். ஆனால், வெள்ளையடிக்கும் தூரிகையைத் தாங்கும் வர்ணத்தை இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒல்வேரா வீதியிலும் பப்புன்யாவிலும் சித்திரத்தை மறைத்தது காலநிலை அன்று. மனிதர்கள்.

ஆகவே, முதன்முதலாக ஒரு சிறு துணியில் நீலத்தைப் பூசிவிட்டு அது உலர்வதற்காகக் காத்திருப்பவர், அந்த அரை மணித்தியாலத்தில் அந்த இரண்டு சுவர்களையும் ஒருமுறை நினைத்துக் கொள்ளட்டும். நிறம் சற்றே கறுத்து உலரும். அதற்கான காரணம் இப்போது அவருக்குத் தெரியும்.